லிஸ்கானரில் புனித பிரிஜிட்டின் சுனை

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்து மோகர் கடற்பாறைகளைக் காணச் செல்வோரில் பெரும்பாலோர், லிஸ்கானர் ஊரருகே உள்ள, அயர்லாந்தின் காவல் புனிதையான பிரிஜிட்டின் சுனையைக் கவனியாமலே கடந்து விடுகின்றனர். முதலில் மேட்டிலுள்ள சிலுவையைச் சுற்றிச் செபித்து, பின்பு கீழே இறங்கிச் சுனையை அடைவது இங்குள்ள முறை. சூரியன் செல்லும் திசையிலேயே வலம் வர வேண்டும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுனைக்குச் செல்லும் தாழ்வான நடையில் காலடி வைத்ததுமே ஈரவாடை எதிர்கொண்டது. இரு சுவர்களிலும் செபமாலைகள், மாதா சிலைகள், இறந்தோரின் நினைவு அட்டைகள், ஈரத்தில் ஓரம் உப்பிச் சாயம் கரைந்த குடும்பப் படங்கள். நடையின் முடிவில் நீர் விழுந்துகொண்டிருந்தது. கையில் ஏந்தி ஒரு மிடறு குடித்தேன், பல் கூசும் குளிர்ச்சி.

சுனையருகு மரங்களில் துணி கட்டுவது அயர்லாந்தெங்கும் உள்ள வழக்கம். நீரில் நனைத்த துணியால் நோவுள்ள இடத்தைத் தொட்டுக் கிளையில் கட்டினால், துணி மக்க மக்க நோயும் தேயும் என்பது நம்பிக்கை. அப்படியிருக்க, இப்போது பலர் மக்காத நைலான் நாடாக்களைக் கட்டிச் செல்வது வேண்டுதலின் அடிப்படையையே மறந்த செயலாக எனக்குப் பட்டது. அவை கிளையையும் இறுக்கி நெரிக்கின்றன.

இந்த வழிபாடு எளிதில் பிழைத்ததன்று. கத்தோலிக்கரை ஒடுக்க வந்த 1704 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய சுனைகளில் கூடுவோருக்கு 10 ஷில்லிங் அபராதமும், கட்டத் தவறினால் கசையடியும் விதித்தது. குடியும் கைகலப்பும் மிகுகின்றன என்று பிற்காலத்தில் கத்தோலிக்கக் குருமார்களே சுனைத் திருவிழாக்களைக் கண்டித்தனர். மக்கள் இரண்டையும் பொருட்படுத்தவில்லை. புனிதமாகக் கருதப்படும் மரங்களின் மீதுள்ள அச்சமும் அவ்வாறே நிலைத்திருக்கிறது: இதே மாவட்டத்தில் லாட்டூன் என்னுமிடத்தில், தேவதைகள் கூடுவதாகச் சொல்லப்படும் ஒரு முள்மரத்தைக் காக்கக் கதைசொல்லி எடி லெனிஹன் 1999 இல் குரல் கொடுக்க, நெடுஞ்சாலைப் பணி அதை வெட்டாமல் விட்டுச் சென்றது. 2002 இல் யாரோ கிளைகளை அறுத்தெறிந்தபோதும் அது மீண்டும் துளிர்த்தது.

பிரிஜிட்டின் திருநாள் பிப்ரவரி 1. 2023 முதல் அதையொட்டி அயர்லாந்தில் அரசு விடுமுறையும் உண்டு. ஆயினும் லிஸ்கானரில் பழைய பெருங்கூட்டம் ஜூலையின் கடைசி ஞாயிற்றுக்குத்தான். கரைக்கு அப்பாலுள்ள அரன் தீவினர் படகேறி வந்து, முந்தைய இரவு முழுவதும் இச்சுனையருகே கண்விழித்துச் செபித்திருக்கிறார்கள். அந்த நாளைக் கணக்கிட்டுச் செல்வதே நலம்.