இரண்டு கிலோபைட் சீட்டும் பதினோரு வாரக் காத்திருப்பும்

பதினோரு வாரம் வரிசையில் காத்திருந்து கிடைத்த நூலக மின்னூலை, கணினித் திரையில் இருந்த ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டுவிட்டதால் ஐந்து நாள் ஈ-ரீடரில் (மின்னூல் படிக்கும் கருவியில்) ஏற்ற முடியாமல் தவித்தேன். அப்பா ஊர் திரும்ப 24 நாளே இருந்த நேரம் அது. அந்தப் பதற்றம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. இதே வேலையில் இறங்குகிறவர்கள் நான் விழுந்த இடத்தில் விழக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் நடுத்தர ஊர் ஒன்றில். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அப்பாவுக்கு அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்து பிடிபடுவதில்லை; கைபேசித் திரையின் வெளிச்சத்தில் கண்ணில் நீர் வழியும்; எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் ஈ-ரீடரில் மட்டும் மணிக்கணக்கில் படிப்பார். அவருடைய தந்தை 1942இல் ரங்கூனிலிருந்து மணிப்பூர் வரை நடந்தே வந்து உயிர் பிழைத்தவர். அந்த ஆண்டு பர்மாவை விட்டு நடந்து வெளியேறிய இந்தியர்களைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்று ஊர் நூலகத்தின் மின்னூல் பட்டியலில் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து, அதைப் படித்து முடித்துத்தான் விமானம் ஏறுவது என்று இருந்தார்.

முதல் அலைச்சல் உறுப்பினர் அட்டைக்கு. இணையத்தில் பதிந்தால் தற்காலிக எண்தான் கிடைக்கும். எங்கள் நூலகத்தில் அதைக் கொண்டு மின்னூல் எடுக்க முடியாது, கிளைக்கு நேரில் போய் முகவரிச் சான்று காட்ட வேண்டும். ஜனவரிக் குளிரில், பூஜ்யத்துக்குக் கீழே 14 டிகிரியில், இரண்டு பேருந்து மாறிப் போய்க் கைபேசியில் வங்கிக் கணக்கு அறிக்கையைக் காட்டினேன். முகப்பில் இருந்தவர் திரையைப் பார்க்கக்கூட இல்லை. காகிதத்தில்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். பத்தடி தள்ளி அச்சுப்பொறி இருந்தது, ஆனால் அதைப் பயன்படுத்தவும் உறுப்பினர் அட்டை வேண்டுமாம். மறுநாள் மின்கட்டண ரசீதோடு போனேன். அது கணவர் பெயரில் இருந்ததால் செல்லவில்லை. மூன்றாம் முறை அச்சிட்ட வங்கி அறிக்கையைக் கொடுத்ததும் ஐந்தே நிமிடத்தில் அட்டை கைக்கு வந்தது. உங்கள் பெயரும் இப்போதைய முகவரியும் அச்சான தாள் ஒன்று, புகைப்பட அடையாள அட்டை ஒன்று, இவை இரண்டும் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

நூலக மின்னூல்களை இரவல் எடுப்பதற்கான லிப்பி செயலியை நிறுவி, அட்டை எண்ணைக் கொடுத்து, நூலுக்கு முன்பதிவு செய்தது பத்து நிமிட வேலை. நான்கு பிரதிகள், எங்களுக்கு முன்னால் 16 பேர், ஆளுக்கு 21 நாள். மின்னூலுக்கு ஏது பிரதிக் கணக்கு என்று அப்பா கேட்டார். பதிப்பகங்கள் நூலகத்துக்கு விற்பது நூலை அல்ல, உரிமத்தை. ஓர் உரிமத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம். ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011இல் ஓர் உரிமத்துக்கு 26 இரவல் என்று வரம்பு வைத்தது. இரண்டு ஆண்டில் காலாவதியாகும் உரிமங்களும் உண்டு. ஆகவே வரிசை நீள்வதற்கு நூலக ஊழியரைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. முறை வரும்போது எடுத்துக்கொள்ள மூன்று நாள் தருவார்கள். அந்தச் சமயம் தோதுப்படாவிட்டால், வரிசையில் இடம் போகாமல் தள்ளிவைக்கும் வசதி செயலியிலேயே இருக்கிறது.

நூலக மின்னூலை அமேசானின் ஈ-ரீடரான கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உண்டு. கனடாவில் அந்த வழி கிடையாது. எங்களிடம் இருந்தது வேறொரு நிறுவனத்தின் பழைய ஈ-ரீடர். கணினியிலிருந்து கேபிள் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். லிப்பியைக் கணினி உலாவியில் திறந்து ஈபப் என்ற மின்னூல் கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தபோது, ஏசிஎஸ்எம் என்று முடியும் ஒரு கோப்பு இறங்கியது. அளவு இரண்டு கிலோபைட். அதை அப்படியே ஈ-ரீடரில் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அது புத்தகமே அல்ல, புத்தகத்தைப் பெறுவதற்கான சீட்டு. அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருளில் அதைத் திறந்தால்தான் நூல் இறங்கும்.

என் தவறு அங்கேதான் நடந்தது. கணினிக்கு அங்கீகாரம் கேட்கும் சாளரத்தில், அடோபி கணக்கு இல்லாமலே தொடர்வதற்கு ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் அதில் குறியிட்டேன். நூல் கணினியில் அழகாகத் திறந்தது, ஆனால் ஈ-ரீடருக்குப் போகவில்லை. கணக்கில்லாமல் அங்கீகரித்தால் நூல் அந்தக் கணினியோடு கட்டுண்டுவிடும். அங்கீகாரத்தை அழித்து, புதிதாகக் கணக்குத் தொடங்கி, அதே சீட்டை மறுபடி திறந்தேன். இந்த நூல் வேறொரு பயனரால் ஏற்கெனவே பெறப்பட்டுவிட்டது என்று பிழைச் செய்தி வந்தது. அந்த வேறொரு பயனரும் நான்தான் என்பதைக் கணினிக்குப் புரியவைக்க வழியில்லை. பழைய அங்கீகாரம் அழிந்துவிட்டதால் மென்பொருள் வழியே நூலைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

அது வெள்ளிக்கிழமை மாலை. திங்களன்று நூலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர், கைபேசியில் படிக்க முடிகிறதல்லவா, அது போதாதா என்று கேட்டு வைத்துவிட்டார். அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய வாக்கியம் பாதியில் நின்றது. "விடும்மா, இல்லாட்டி அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார் அப்பா. அவருக்கு வயது 78. எனக்கு அதை விட மனமில்லை.

செவ்வாயன்று, மின்னூல் பிரிவுக்கென்று நூலக இணையதளத்தில் தனியாக இருந்த உதவிப் படிவத்தில், அட்டை எண், நூலின் பெயர், பிழைச் செய்தியின் திரைப்பிடிப்பு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். புதன் காலை பதில் வந்தது: பதிவிறக்கத்தை மீட்டமைத்துவிட்டோம், புதிய சீட்டை இறக்கித் திறக்கவும். திறந்தது. கேபிளைப் போட்டு நூலின் அட்டைப்படத்தை ஈ-ரீடரின் மேல் இழுத்துவிட்டேன். ஒரு நிமிடத்தில் ஏறிவிட்டது. இத்தகைய சிக்கலுக்கு முகப்புத் தொலைபேசியில் நேரத்தைச் செலவிடாமல், முதல் நாளே எழுத்து மூலம் மின்னூல் பிரிவைப் பிடியுங்கள். கணினியை அங்கீகரிக்கும் முன்பே அடோபி கணக்கைத் தொடங்கி, எப்போதும் அந்த ஒன்றையே பயன்படுத்துங்கள்.

எழுத்தை மிகப் பெரிதாக்கியதில் பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் வந்தது. மூன்றாம் நாள் அப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு வரியில் விரல் வைத்துக் காட்டினார். எல்லையோரத்துப் பர்மிய ஊரான தாமுவின் பெயர் அங்கே இருந்தது. தாத்தா எப்போதும் "தாமுவைத் தாண்டிட்டோம், இனிப் பயமில்லைன்னு நெனச்சோம்" என்று சொல்வாராம். தாமு என்பது வழியில் விட்டுவிட்டு வந்த யாரோ ஓர் ஆள் என்றே அப்பா இத்தனை வருடம் நினைத்திருந்தார்.

இரவல் எடுத்த பதினெட்டாம் நாள் படித்து முடித்தார். கெடு முடிந்தால் நூல் தானாகவே பூட்டிக்கொள்ளும், அபராதமும் கிடையாது. ஆனாலும் அன்றிரவே மென்பொருளில் நூலின் மேல் வலச் சொடுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வரிசையில் இன்னும் ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.