கிங் நாளும் ஒரு குப்பைப் பையும்

அமெரிக்காவுக்குப் படிக்க வந்த முதல் வருடம். ஜனவரி மூன்றாவது திங்கள், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் நாள், வகுப்பு கிடையாது என்று கேட்டதும் பதினொரு மணி வரை தூங்கலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். அறைத்தோழன் விடவில்லை. 1994ல் சட்டமே போட்டு இதைச் சேவை நாளாக்கிவிட்டார்கள், இன்று போய்த் தூங்குகிறாயே என்று போர்வையை இழுத்தான். மதியச் சாப்பாடு இலவசம் என்றும் சொன்னான். சரி என்று கிளம்பிவிட்டேன்.

உணவு வங்கிக் கிடங்கில் மூன்று மணி நேர வேலை. நன்கொடையாக வந்த டின்களில் தேதி பார்க்க வேண்டும், மூடியோரம் நசுங்கியிருந்தால் கழித்துவிட வேண்டும், நடுவில் லேசான பள்ளம் என்றால் பரவாயில்லை, மிச்சத்தைப் பெட்டியில் அடுக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட். வேலை பாதி, போட்டோ பாதி. நானும் இரண்டு எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன், பொய் சொல்வானேன்.

மதியம் கல்லூரி அரங்கில் சாப்பாடும் பேச்சும். கிங்கின் புகழ்பெற்ற 'எனக்கொரு கனவு' உரையைப் பற்றிய வழக்கமான பேச்சாக இருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பேசியவர் டென்னஸி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரத்திலிருந்து ஆரம்பித்தார். 1968 பிப்ரவரி 1, நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் நனையாமலிருக்கக் குப்பை லாரியின் பின்பக்கம் ஒதுங்கியிருக்கிறார்கள். குப்பையை அமுக்கும் இயந்திரம் திடீரென்று ஓட ஆரம்பித்து இருவரையும் நசுக்கிவிட்டது. 11 நாள் கழித்து சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். இவர்களுக்குத் துணையாக நிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 39.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மலக்குழியில் இறங்கி மூச்சு முட்டிச் செத்தவர்களைப் பற்றி நம்மூர்ச் செய்தித்தாளில் எத்தனை தடவை படித்துவிட்டு, அடுத்த பக்கத்து கிரிக்கெட்டுக்குப் போயிருக்கிறேன். 1959ல் கிங் இந்தியாவுக்கு வந்தபோது திருவனந்தபுரத்தில் தலித் மாணவர்கள் படித்த பள்ளியொன்றுக்குப் போனார். அவரையும் அமெரிக்காவின் தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்த, முதலில் சுருக்கென்றிருந்ததாம், அப்புறம் யோசித்துப் பார்த்து ஆமாம், நானும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டாராம். 1965ல் ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னது இது. எங்கள் பள்ளிப் பாடத்தில் காந்தியின் சீடர் என்ற ஒரு வரியோடு கிங்கை முடித்துவிட்டார்கள்.

இந்த லீவு நாளும் சும்மா வந்ததில்லை. கிங் இறந்த நாலாம் நாளே நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் மசோதா கொண்டுவந்தார், ஜனாதிபதி ரீகன் கையெழுத்துப் போட்டது 1983ல், முதல் முறை கொண்டாடியது 1986ல்.

கைதட்டி முடித்துக் கூட்டம் கலைந்தது. மேஜையெல்லாம் காகிதத் தட்டும் பாதி குடித்த தண்ணீர் பாட்டிலுமாகக் கிடந்தன. ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு, சீருடையோடு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். இன்று லீவு இல்லையா என்று கேட்டேன். எங்களுக்கு ஏது என்றார். காண்ட்ராக்ட் ஆளாம், இன்று வராவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு.

காலையில் கொடுத்த சேவை டி-ஷர்ட்டோடு நின்றுகொண்டிருந்த எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவசர அவசரமாகப் பக்கத்து மேஜைத் தட்டுகளை வாரி அவருடைய பையில் போட்டேன். அவர் குனிந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். அது மறுசுழற்சிப் பையாம், எச்சில் தட்டு அதில் போகக் கூடாதாம். உனக்குக் கிளாஸ் இல்லையா, போ என்றார்.