எதிலிருந்து வீடு, யாரால் வீடு

முத்தி, மோட்சம், வீடுபேறு, இரட்சிப்பு, மீட்பு, ஈடேற்றம், நிர்வாணம். தமிழில் இத்தனை சொற்களும் அக்கம்பக்கத்தில் புழங்குவதால், எல்லாம் ஒன்றைத்தான் சொல்கின்றன என்று நினைத்துக்கொள்கிறோம். "எல்லா ஆறும் கடலுக்குத்தானே போகுது" என்று பேச்சை முடித்தும் விடுகிறோம். நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் ஒவ்வொரு மரபும் நூற்றாண்டுக் கணக்கில் உயிரைக் கொடுத்து யோசித்த நுட்பம் அந்த ஒரு வாக்கியத்தில் மூழ்கிப்போகிறது.

'வீடு' என்ற சொல்லே நமக்கு நல்ல வழிகாட்டி. 'விடு' என்பதிலிருந்து வந்தது. விடுவது என்றால் எதை? இதைக் கேட்காமல் எந்த இரண்டு மதத்தையும் ஒப்பிட உட்காரக் கூடாது.

சமணத்தில் வினை என்பது உயிரில் வந்து ஒட்டும் நுண்ணிய பொருள். உள்ளபடியே பொருள், உருவகம் இல்லை. அது உள்ளே வருவது ஊற்று, ஒட்டிக்கொள்வது கட்டு, வரவை அடைப்பது செறிப்பு, ஒட்டியதைத் தவத்தால் கழிப்பது உதிர்ப்பு, முழுக்கக் கழிந்த நிலை வீடு. ஓட்டைப் படகு மாதிரி: முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும், பிறகு உள்ளே நிற்கும் நீரை இறைக்க வேண்டும். அடைக்காமல் இறைத்துக்கொண்டே இருந்தால் படகு மிதக்காது. இங்கே மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. "உங்கள் பாவத்தை யார் மன்னிப்பார்?" என்று ஒரு கிறிஸ்தவர் சமணரிடம் கேட்டால், அந்தக் கேள்வி போய் நிற்க ஓர் ஆளே கிடையாது. தீர்த்தங்கரர் வழி காட்டியவர். வினையைக் கழித்துத் தருபவர் அல்லர்.

கிறிஸ்தவத்தில் முறிந்தது ஓர் உறவு. அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் வந்தாக வேண்டும். இஸ்லாத்தில் ஆதமின் பிழை ஆதமோடு மன்னிக்கப்பட்டுவிட்டது, பிள்ளைகளுக்கு இறங்கவில்லை. அதனால் மீட்பர் ஒருவர் தேவைப்படவில்லை; நேர்வழியும் மன்னிப்பும் போதும். அத்வைதத்தில் கட்டே ஒரு தவறான அறிவு என்பதால் எந்தச் செயலும் அதைத் தீர்க்காது, அறிவுதான் தீர்க்கும். பௌத்தத்தில் வேட்கை. சைவ சித்தாந்தத்தில் ஆணவம்: செம்பில் களிம்பு போல உயிரோடு தொடக்கமே இல்லாமல் கிடப்பது. யாரும் செய்த குற்றம் இல்லை அது. எனவே 'பாவம்' என்ற சொல்லால் ஆணவத்தை மொழிபெயர்த்தால் இரண்டு பக்கமும் பிழையாகிவிடும்.

அடுத்த கேள்வி, யாரால்? "கிழக்கில் சுய முயற்சி, மேற்கில் அருள்" என்று பலர் எழுதுகிறார்கள். இது தவறு. இந்தக் கோடு மதங்களுக்கு நடுவில் ஓடவில்லை, பெரும்பாலும் ஒவ்வொரு மதத்துக்கு உள்ளேயும் ஓடுகிறது.

வைணவத்தையே பாருங்கள். அதில் வடகலை, தென்கலை என்று இரு பிரிவுகள். வடகலைக்குக் குரங்குக்குட்டி உவமை: குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலைக்குப் பூனைக்குட்டி: தாய் கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா இருந்தால் போதும். எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். சண்டையின் சாரம் இதற்கு அப்பால் இருக்கிறது. வடகலையின் ஆசான் வேதாந்த தேசிகர் கேட்பது: இறைவன் காரணமே இல்லாமல் அருளினால், ஒருவனுக்குக் கொடுத்து இன்னொருவனை விட்டது ஏன்? பட்சபாதம் ஆகாதா? ஆகவே அருளுக்கு ஒரு சிறு வியாஜம், ஒரு சாக்கு வேண்டும், அதுதான் சரணாகதி. அதற்கு ஐந்து அங்கங்கள்: இணக்கமாக நடப்பேன் என்ற உறுதி, மாறானதை விடுதல், காப்பான் என்ற பெருநம்பிக்கை, காக்கும்படி வாய்திறந்து வேண்டுதல், வேறு கதியில்லை என்ற எளிமை. இவை சூழ நிற்க, தன்னையே ஒப்படைப்பது ஆறாவது, அதுவே அங்கி, அதாவது அங்கங்களையுடைய முதன்மைச் செயல். தென்கலையின் ஆசான் பிள்ளை லோகாசாரியார் வழியில் பதில் கேள்வி இது: சரணாகதியை ஒரு விலையாக நீட்டினால், காப்பது அவனா, உன் சரணாகதியா? ஒப்படைத்தல் என்பது அருளைத் தடுக்காமல் இருப்பது, அவ்வளவே.

குற்றத்தைப் பற்றியும் இதே பிளவு. அடியவனின் குற்றத்தை இறைவன் காணாமல் விடுகிறான் என்பது வடகலை. ஈன்ற பசு கன்றின் மேலுள்ள அழுக்கை நாவால் நக்கித் துடைப்பதுபோல, அந்தக் குற்றத்தையே விருப்பமாக ஏற்கிறான் என்பது தென்கலை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு எந்தப் பக்கமும் லேசாகப் படவில்லை. ஒரு பக்கம் நீதியைக் காக்கிறது, மறுபக்கம் அருளைக் காக்கிறது.

இதே வழக்கு ஜப்பானில், புத்தரின் பெயரால் நடந்தது. அமிதாப புத்தரின் பெயரைச் சொன்னால் அவருடைய தூய நாடு என்ற புத்த உலகில் பிறக்கலாம் என்றார் ஹோனென் (1133–1212). அவர் மாணவர் ஷின்ரான் (1173–1263) அதற்கும் மேலே போனார்: பெயரைச் சொல்வதுகூட என் புண்ணியக் கணக்கில் சேராது, அதுவும் அமிதாபரின் ஆற்றல்தான். நாமம் சொல்வது நன்றியாக மட்டும் நிற்கிறது.

ஐரோப்பாவில் 1517க்குப் பிறகு வெடித்ததும் இதன் உறவுக்கார வழக்குதான். கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த சீர்திருத்தவாதி லூத்தர் பக்கத்தில், நீதிமானாக்கப்படுதல், அதாவது பாவி கடவுள் முன் நீதிமானாக ஏற்கப்படுவது, ஒரு தீர்ப்பு: கிறிஸ்துவின் நீதி விசுவாசியின் கணக்கில் எண்ணப்படுகிறது, பரிசுத்தமாகுதல் பின்னால் தொடர்ந்து வரும். 1547இல் கத்தோலிக்கரின் திரிதெந்து சங்கம் சொன்னது, நீதிமானாக்கப்படுதலிலேயே உள்ளம் புதுப்பிக்கப்படுதலும் அடங்கும், மனிதன் அருளோடு ஒத்துழைக்கவும் வேண்டும். "கத்தோலிக்கர் நற்செயலால் மீட்பு என்கிறார்கள்" என்று எழுதுகிறவர்கள் அந்தத் தீர்மானத்தைப் படிக்கவில்லை. தொடக்கம் அருளால் மட்டுமே என்று அதிலேயே இருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன், கத்தோலிக்கம் என இரு தரப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. வேறுபாடு மீதம் இருக்கிறது, ஆனால் ஒருவரையொருவர் கண்டித்த பழைய சாபத்தீர்ப்புகள் அறிக்கை விளக்கும் போதனைக்குப் பொருந்தாது என்றது அது.

இஸ்லாத்தையும் 'செயலின் மதம்' என்று சுருக்கிவிட முடியாது. எவரும் தம் செயலால் மட்டும் சொர்க்கம் புகுவதில்லை, நபியும் உட்பட, அல்லாஹ்வின் ரஹ்மத்தால், அதாவது கருணையால்தான் என்பது ஹதீஸ் (நபிமொழி). ஆனாலும் தவ்பாவுக்கு, அதாவது பாவத்திலிருந்து மனந்திரும்புதலுக்கு, கறாரான நிபந்தனைகள் உண்டு. அந்தத் தவறை அப்போதே நிறுத்த வேண்டும், வருந்த வேண்டும், திரும்பச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். இன்னொரு மனிதனின் உரிமையைப் பறித்திருந்தால் நான்காவதும் சேரும்: திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவனிடம் மன்னிப்புப் பெற வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இது. அபகரித்த நிலத்தை வைத்துக்கொண்டு எத்தனை இரவு அழுதாலும் தவ்பா நிறைவாகாது.

கிடைத்தது நழுவுமா? இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது சமணத்தின் பதினான்கு குணத்தானங்கள், உயிர் வீடு நோக்கி ஏறும் படிகள். மோகத்தை அடக்கி வைத்து ஏறுபவர் பதினொன்றாம் படி வரை போவார், பிறகு விழுந்தே தீருவார். அடங்கிய மோகம் கலங்கல் நீரின் அடியில் தங்கிய சேறு. கொஞ்சம் அசைந்தாலும் மேலே வரும். மோகத்தை அழித்துக்கொண்டே ஏறுபவர் பத்திலிருந்து நேரே பன்னிரண்டுக்குப் போகிறார், அவருக்கு வீழ்ச்சி இல்லை. கத்தோலிக்கத்தில் சாவான பாவம் அருள்நிலையைப் போக்கும். அதற்கு மூன்றும் சேர வேண்டும்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். பிறகு ஒப்புரவு அருட்சாதனம் வழியாக மீளலாம். 1618–19இல் டோர்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபைகளோ, உண்மையாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் முடிவாக விழமாட்டார் என்றன. பௌத்தத்தில் சோதாபன்னர், அதாவது விடுதலைப் பாதையின் முதல் நிலையை எட்டியவர், ஆனவருக்கு அதிகபட்சம் ஏழு பிறவிதான் மிச்சம். கீழுலகப் பிறப்பு இல்லை.

போய்ச் சேர்ந்த பின் 'நான்' இருப்பேனா என்பதில்தான் ஆறும் கடலும் உவமை முற்றாக உடைகிறது. அத்வைதிக்கு அது பொருந்தும். கிறிஸ்தவருக்கு உடலோடு உயிர்த்தெழுதல் உண்டு. கரைந்துபோவது அவருக்கு மீட்பே அல்ல. வைணவருக்கு வைகுண்டத்தில் முடிவில்லாத கைங்கரியம், செய்ய ஆள் வேண்டும். புத்தரிடம் கேட்டபோது, அணைந்த தீ எந்தத் திசைக்குப் போனது என்று திருப்பிக் கேட்டார். 'இருக்கிறார்', 'இல்லை' இரண்டுமே அங்கே ஒட்டாது.

சைவ சித்தாந்தம் தமிழ் இலக்கணத்தின் ஒரு புணர்ச்சி விதியையே உவமையாக எடுத்துக்கொண்டது. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் காட்டியது அது. தாள் இறைவனுடையது, தலை உயிருடையது. தாளும் தலையும் சேர்ந்தால் 'தாடலை'. ளகர ஒற்றும் இல்லை, தகரமும் இல்லை, நடுவில் டகரம் ஒன்றே நிற்கிறது. எழுத்தில் பிளவு தெரியாது. பொருளில் அடி அடிதான், தலை தலைதான். ஆணவமும் அங்கே அழிந்துபோவதில்லை. சூரியன் முன் இருள் போல வலியிழந்து கிடக்கும்.