பட்டை முதலில், துணி கடைசியில்

2024 ஜூன் 2, ஞாயிறு

பினாங்கு நகர அரங்கத்தை ஒட்டிய லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில், சாப்பாட்டு மேசைக்கான நான்கு மர நாற்காலிகளை ஒன்று 15 வெள்ளி (ரிங்கிட்) வீதம் வாங்கினேன். இருக்கைகளின் தோற்றம் பரிதாபமாக இருந்தது. ஆனால் பழைய நாற்காலி வாங்கும்போது கடைசியாகப் பார்க்க வேண்டியது இருக்கை. அதன் பஞ்சும் உறையும் எப்படியும் குப்பைக்குப் போகப் போகிறவை; இருக்கைகளை நானே புதிதாகக் கட்டப் போகிறேன். நாற்காலியைக் கவிழ்த்து, காலும் சட்டமும் சேரும் இடங்களை அசைத்துப் பார்த்தேன். அடுத்ததாக மரத்தில் ஊசித்துளைகள் இருக்கின்றனவா, அவற்றின் கீழே புதிதாக உதிர்ந்த மாவு இருக்கிறதா என்று தேடினேன். துளை மட்டும் இருந்தால் பூச்சி எப்போதோ வந்து போனதாக இருக்கலாம். மாவும் உதிர்ந்தால் அது உள்ளே இன்னும் தின்றுகொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். கடைசியாக, இருக்கையின் அடியோரத் தையல்களில் மூட்டைப்பூச்சி விட்டுச் செல்லும் கரும்புள்ளிகள் உண்டா என்று கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். விற்றவர் பொறுமையாகக் காத்திருந்தார். ஒரு நாற்காலியில் மட்டும் பின்கால் ஆடுகிறது. மற்ற மூன்றும் உறுதி.

2024 ஜூன் 4, செவ்வாய்

இன்று உரிக்கும் வேலை. இவை சட்டத்திலிருந்து தனியாகக் கழற்றக்கூடிய இருக்கைகள் என்பதால், அடியிலிருக்கும் திருகுகளைக் கழற்றியதும் கையோடு வந்துவிட்டன. கழற்றுவதற்கு முன் எந்த இருக்கை எந்த நாற்காலிக்கு உரியது என்று பென்சிலால் எண் எழுதிவைத்தேன். பழைய தச்சு வேலையில் நான்கும் ஒரே அளவாக இருக்கும் என்று நம்ப முடியாது.

மேலே இருந்தது தோல் போன்ற பழுப்பு உறை. தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. இதை ரெக்சின் என்றே எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் ரெக்சினிலும் இரண்டு வகை உண்டு. பிவிசி பூச்சுள்ளது வருடக்கணக்கில் தாங்கும். பாலியூரித்தேன் பூச்சுள்ளது கைக்கு மென்மையாகவும் அசல் தோல் போலவும் இருக்கும். ஆனால் மலிவான ரகங்களில் காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளையே மெல்ல அறுத்துவிடுகிறது. ஆண்டு முழுதும் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் தீவில் அந்த ரகத்தை வாங்குவது, உதிர்வதற்கென்றே வாங்குவதாகும்.

அந்த உறைக்குக் கீழே, யாரோ எடுக்காமல் விட்ட பழைய பூத்துணி. அதற்குக் கீழே இருந்த ரப்பர் நுரை, முறுகிய ரொட்டியைப் போல விரலில் பொடியானது. காற்றுப் பட்டுப் பட்டே இயற்கை ரப்பர் இப்படி ஆகிவிடும். அதற்கும் கீழே தேங்காய்நார், சாக்குத்துணி, எல்லாவற்றையும் அடியில் தாங்கி இற்றுத் தொங்கிய சணல் பட்டைகள். தூசு பறந்ததால் முகக்கவரியும் கண்ணாடியும் அணிந்துகொண்டேன். துருப்பிடித்த முள்ளாணிகளை மொண்ணையான திருப்புளியால் நெம்பிக் குறடால் பிடுங்க வேண்டியிருந்தது. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே நெம்பினால் சட்டம் பிளக்காது. உரித்தவை அனைத்தையும் கறுப்புப் பையில் இறுக்கிக் கட்டிக் கீழே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். அடுக்குமாடி வீட்டின் நடைவழியில் வேலை செய்வதால் சுத்தியல் சத்தத்தை மாலை ஆறு மணிக்குள் முடித்துக்கொள்கிறேன்.

2024 ஜூன் 6, வியாழன்

ஆடிய பின்காலைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிய மரப்பசை தடவிச் சேர்த்தேன். பிடிக்கருவி இல்லை, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் அதே இறுக்கம் கிடைக்கிறது. ஒரு முழு நாள் தொடக்கூடாது.

2024 ஜூன் 8, சனி

ஜெலுத்தோங்கில் ஒரு குஷன் கடைக்குப் போனேன். எந்த நுரைப்பஞ்சு நல்லது, எத்தனை அங்குலம் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே போக, கடைக்கார அண்ணன் என் கையிலிருந்த வெறும் இருக்கைச் சட்டத்தை வாங்கிப் பார்த்தார்.

“தங்கச்சி, பஞ்சப் பத்தி அப்புறம் பேசலாம். கீழ பட்டை தொங்கிச்சின்னா மேல எத வச்சாலும் பள்ளம்தான்.”

“அப்போ எத்தனை பட்டை அடிக்கணும் அண்ணே?”

“பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல இன்னொரு பட்டை நுழையிற அளவுக்கு இடம் இருக்கக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு.”

இரண்டு அங்குல அகலச் சணல் பட்டை, சாக்குத்துணி, நுரைப்பஞ்சு, அதன்மேல் போர்த்தும் டாக்ரான் என்ற மெல்லிய பாலியெஸ்டர் பஞ்சு எல்லாவற்றையும் அங்கேயே வாங்கினேன். நுரைப்பஞ்சில் அடர்த்தி வேறு, கடினம் வேறு என்பதையும் அவரே விளக்கினார். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டரில் எத்தனை கிலோ என்ற கணக்கு. அது பஞ்சின் ஆயுளைச் சொல்லும். உட்காரும்போது எவ்வளவு அமுங்கும் என்பதைக் கடினம் சொல்லும். கல் போல இருப்பதாலேயே ஒரு பஞ்சு நெடுநாள் உழைக்கும் என்று எண்ணக்கூடாது. கடையில் கையால் அமுக்கிப் பார்த்து வாங்கும் நம் வழக்கம் கடினத்தை மட்டுமே அளக்கிறது.

2024 ஜூன் 9, ஞாயிறு

நாள் முழுவதும் பட்டை வேலை. இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

பட்டையின் நுனியை ஓர் அங்குலம் மடித்து, சட்டத்தின் பின்பக்க நடுவில் வைத்து ஐந்து முள்ளாணிகளை அடிக்க வேண்டும். அவை ஒரே நேர்கோட்டில் இருக்கக்கூடாது. முன்னும் பின்னுமாக அமைந்தால்தான் மரத்தின் ஒரே ரேகையில் எல்லாப் பளுவும் விழுந்து அது பிளக்காமல் இருக்கும். பிறகு பட்டையை முன்பக்கம் இழுக்க வேண்டும். வெறுங்கையால் இழுத்தால் இறுக்கமாக இருப்பதாகத் தோன்றும்; இரண்டு மாதத்தில் தொங்கும். அதற்கென்று இழுகட்டை விற்கிறார்கள் என்றாலும், ஒரு மரத்துண்டில் பட்டையைச் சுற்றி, அதைச் சட்டத்தின் வெளிவிளிம்பில் ஊன்றிக் கீழ்நோக்கி அழுத்தினாலே போதுமான இழுவை கிடைக்கிறது. ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி மறுகையால் மூன்று ஆணி அடித்துவிட்டு, ஓர் அங்குலம் விட்டு வெட்டி, மடித்து, மேலும் இரண்டு ஆணி. குறுக்குப் பட்டைகளைப் பாய் முடைவதுபோல் ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக நுழைத்து இதே முறையில் அடிக்க வேண்டும். முடித்துத் தட்டிப் பார்த்தால் ‘திம்’ என்று ஒலிக்க வேண்டும். ‘தொப்’ என்றால் அந்தப் பட்டையைக் கழற்றி மீண்டும் இழுக்க வேண்டியதுதான்.

2024 ஜூன் 12, புதன்

சாக்குத்துணியைப் பட்டைகளின்மேல் விரித்து அடித்தேன். பின்னர் இரண்டு அங்குல நுரைப்பஞ்சைச் சட்டத்தைவிடச் சுற்றிலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டினேன். அந்தக் கூடுதல், துணி இழுபடும்போது உள்ளே அமுங்கி விளிம்பை உருட்டித் தருகிறது. மரத்தின் கூர்முனை தொடையில் உறுத்தாது. ரொட்டி வெட்டும் நீளக் கத்தியை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தாமல் நீளமாக அறுத்தால் வெட்டு நேராக வருகிறது.

வந்திருந்த அத்தை, “இலவம் பஞ்சு போடக்கூடாதா?” என்று கேட்டார். உடம்புக்குச் சூடு தராத பஞ்சுதான். ஆனால் அது நாளடைவில் கட்டி கட்டியாகிவிடும். மெத்தையைப் போல வெயிலில் காயவைத்துத் தட்டிவிட முடிந்தால் சரி, ஆணியடித்து மூடிய இருக்கைக்கு அது தோதுப்படாது.

2024 ஜூன் 17, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள். போக நினைத்திருந்த துணிக்கடை மூடியிருக்கும். வேலையில்லை.

2024 ஜூன் 19, புதன்

சௌராஸ்தா சந்தைக்குப் பக்கத்தில் துணி வாங்கினேன். இருக்கை 18 அங்குலச் சதுரம். பஞ்சின் பக்கங்களுக்கும் அடியில் மடிப்பதற்கும் ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் சேர்த்தால் 26. இருக்கைத் துணிகளின் வழக்கமான அகலம் 54 அங்குலம் என்பதால், குறுக்கே இரண்டு இருக்கைக்கு வெட்டிக்கொள்ளலாம். நான்கிற்கும் ஒன்றரை மீட்டர் போதும். பெரிய பூப்போட்ட துணி கண்ணைப் பறித்தது. ஆனால் ஒவ்வொரு பூவையும் இருக்கையின் நடுவில் நிறுத்த வேண்டுமானால் துணி நிறைய வீணாகும். தொடக்கக்காரிக்கு அந்த வம்பு வேண்டாம். நெருக்கமான நெசவுள்ள, கோடில்லாத கரும்பச்சையை எடுத்தேன். எத்தனை உரசலுக்குத் துணி தேயாமல் தாங்கும் என்று காட்டும் மார்ட்டிண்டேல் உராய்வு எண், துணியட்டையில் 25,000 என்று இருந்தது. வீட்டுச் சாப்பாட்டு நாற்காலிக்கு இது தாராளம்.

2024 ஜூன் 22, சனி

துணியை விரித்து, அதன்மேல் டாக்ரானும் இருக்கையும் கவிழ்த்து வைத்து ஸ்டேப்பிள் அடித்தேன். முதலில் நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொன்று; பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி, ஒரு பக்கம் அடித்தால் உடனே எதிர்ப்பக்கம். துணியின் இழை நேராக ஓடுகிறதா என்று அடிக்கடி நிமிர்த்திப் பார்க்க வேண்டும். இழுவை ஒரு பக்கம் கூடினால் இழை வில்லாக வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். மூலைகளில் மூன்று அங்குலத்தை அடிக்காமல் விட்டு, கடைசியில் மூலைத்துணியின் நடுவை உள்நோக்கி இழுத்துப் பொருத்தி, இரு பக்கமும் ஒரே அளவில் மடித்தேன். மடிப்பின் வாய் நாற்காலியின் முன்பக்கத்தைப் பார்க்காதபடி அமைத்தேன்.

இருக்கைச் சட்டம் வைரம் பாய்ந்த கடின மரம். 8 மில்லிமீட்டர் ஸ்டேப்பிள் ஊசிகூட முழுதாக இறங்காமல் நின்றது. நின்றவற்றைச் சுத்தியலால் தட்டி இறக்கினேன். கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காத ஊசியாகப் பார்த்து வாங்கியது நல்லதாயிற்று.

2024 ஜூன் 23, ஞாயிறு

அடிப்பக்கத்தை மெல்லிய கறுப்புத் துணியால் மூடினேன். பிளாஸ்டிக் தாள் அடித்தால் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகும் துணியே சரி. திருகுத் துளைகளை ஊசியால் குத்திக் கண்டுபிடித்து அடையாளமிட்டேன்.

இருக்கைகளைப் பொருத்தும்போதுதான் பழைய உறைகளை முழுதாக உரித்ததன் பயன் தெரிந்தது. நாற்காலிச் சட்டத்துக்கும் இருக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். பழைய துணியின்மேலேயே புதியதை அடித்து அழுத்திச் செருகினால், இருக்கை ஆப்பு இறக்கியதுபோல் சட்டத்தின் மூட்டுகளை விலக்கிவிடும். மூன்று இருக்கைகள் தட்டாமலே இறங்கின. நான்காவதன் இடப்பக்க மூலை மடிப்பு கொஞ்சம் தடித்திருந்ததால், அந்த மூலையை மட்டும் பிரித்து, உள்ளே மடிந்திருந்த துணியை வெட்டிக் குறைத்து மறுபடி அடித்தேன். திருகுகளை முடுக்கியாயிற்று.