உயிரிப் பாதுகாப்புக் கொள்கையைத் திருத்தி எழுதிய அனுபவம்

எங்கள் பல்கலைக்கழகத்தின் உயிரிப் பாதுகாப்புக் கொள்கையை, அதாவது கிருமிகள் போன்றவற்றை ஆராயும்போது யாருக்கும் தீங்கு நேராமல் இருப்பதற்கான விதிகளை, திருத்தும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்தது. பழைய ஆவணத்தில் சில பத்திகளை மாற்றினால் போதும் என்பது நிர்வாகத்தின் எண்ணம். படித்துப் பார்த்ததும் அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. பழைய கொள்கை முழுக்க ஒரு பட்டியலை நம்பியே இருந்தது. இந்த நுண்ணுயிரி என்றால் இரண்டாம் நிலை ஆய்வகம், அந்த வைரஸ் என்றால் மூன்றாம் நிலை (நிலை கூடக்கூடப் பாதுகாப்புக் கட்டுப்பாடும் கூடும்). பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் எங்கள் குழுவிடம் வர வேண்டியதே இல்லை.

அப்படி வராமலே போகக்கூடிய ஆய்வுகள் எவை என்று யோசித்தோம். கனடாவில் குதிரையம்மை வைரஸை, ஒரு நிறுவனத்திடம் ஆர்டர் செய்து வாங்கிய டிஎன்ஏ துண்டுகளை இணைத்தே உருவாக்கினார்கள். அந்த ஆய்வு 2018இல் வெளியானது. குதிரையம்மை மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் அதே வழியில், உலகிலிருந்து ஒழிக்கப்பட்ட பெரியம்மையையும் உருவாக்கிவிடலாமே என்ற கவலை எழுந்தது. 2022இல் வெளியான இன்னோர் ஆய்வில், மருந்து தேடுவதற்காக எழுதிய கணினி நிரலை நச்சுத்தன்மையைத் தேடும்படி மாற்றினார்கள். ஆறு மணி நேரத்துக்குள் அது 40,000 மூலக்கூறுகளை வடிவமைத்தது, விஎக்ஸ் என்ற நரம்பு நச்சு உட்பட. அங்கே ஒரு சோதனைக்குழாய்கூடத் தேவைப்படவில்லை. எங்கள் பழைய பட்டியல் இந்த இரண்டையுமே பிடித்திருக்காது.

அதனால் பட்டியலை இணைப்பாக வைத்துக்கொண்டு, முன்னால் கேள்விகளைக் கொண்டுவந்தோம். இந்த ஆய்வால் ஒரு கிருமி இன்னும் எளிதாகப் பரவுமா? தடுப்பூசியோ மருந்தோ பலிக்காமல் போகுமா? செய்முறையை அப்படியே வெளியிட்டால் வேறொருவர் தீங்கு செய்ய அது உதவுமா? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வகப் பாதுகாப்புக் கையேட்டின் நான்காம் பதிப்பும் நிலைகளை இயந்திரத்தனமாகப் பொருத்தாமல், அந்தந்த வேலையின் ஆபத்தை மதிப்பிடச் சொல்கிறது. அது எங்களுக்கு நல்ல பிடிமானமாக இருந்தது.

எதிர்ப்பு வந்தது. நோய் பற்றிய எந்த ஆய்வையும் ஆபத்தானது என்று சொல்லிவிட முடியும், எல்லாக் கோப்புகளும் உங்கள் மேசையில் தேங்கப்போகின்றன என்றார் ஒரு மூத்த பேராசிரியர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. குழு தாமதித்தால் ஆய்வாளர்கள் கேட்பதையே தவிர்க்கத் தொடங்குவார்கள், அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. எனவே முதலில் இரண்டு உறுப்பினர்கள் படிப்பது, எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்றால் அங்கேயே ஒப்புதல் தந்து அனுப்பிவிடுவது, ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் மட்டும் முழுக் குழு என்று பிரித்தோம். ஆய்வாளருக்குக் கெடு இருப்பதுபோலக் குழுவுக்கும் கெடு வைத்தோம். அந்தப் பேராசிரியரே அதற்கான பத்தியை எழுதித் தந்தார்.

எப்போது கேட்பது என்பதில்தான் நான் அதிகம் பிடிவாதம் பிடித்தேன். 2011இல் எச்5என்1 பறவைக்காய்ச்சல் வைரஸை ஃபெரட் என்ற விலங்குகளிடையே காற்று வழியாகப் பரவும்படி இரண்டு குழுக்கள் மாற்றின. பெரிய விவாதம் வெடித்தது கட்டுரைகள் வெளியீட்டுக்குப் போன பிறகு. அதற்குள் ஆய்வு முடிந்துவிட்டது. முழுதாக வெளியிடலாமா, பகுதியை மறைக்கலாமா என்ற கேள்வி மட்டுமே மிச்சம் இருந்தது. 2012இல் இரண்டும் வெளியாயின. அதனால் இந்தக் கேள்விகள் அடங்கிய எங்கள் படிவத்தை நிதி விண்ணப்பத்துக்கு முன்னால் வைத்தோம். நடுவில் எதிர்பாராத முடிவு வந்தால் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னவர்மீது நடவடிக்கை கிடையாது என்றும் எழுதினோம். அந்தக் கடைசி வரியை நீக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மாணவர் பயந்து வாயை மூடிக்கொண்டால் எந்தப் படிவமும் அவரைக் காப்பாற்றாது.

குழுவில் யார் உட்கார வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1978இல் நடந்ததை நினைவூட்டினேன். பெரியம்மையால் கடைசியாக இறந்த ஜேனட் பார்க்கர், அந்தக் கிருமியை ஆராய்ந்தவர் அல்ல. மருத்துவப் புகைப்படக்காரர், அதை ஆராய்ந்த ஆய்வகத்துக்கு மேல் தளத்தில் வேலை பார்த்தவர். கிருமி அவரை எப்படி எட்டியது என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. அவரைப் போன்றவர்கள் பேசவும் ஓர் இடம் வேண்டாமா? ஆய்வக உதவியாளர் ஒருவரும், கட்டடப் பராமரிப்பிலிருந்து ஒருவரும் இப்போது குழுவில் வாக்குரிமையோடு இருக்கிறார்கள்.

மிகவும் பயன்பட்ட யோசனை அந்த உதவியாளரிடமிருந்துதான் வந்தது. “முதலில் ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள் சார்” என்றார். திறந்தோம். எப்போதோ படிப்பை முடித்துப் போன மாணவர்களின் பெயர்ச் சுருக்கம் மட்டும் ஒட்டிய குழாய்கள், உள்ளே என்ன என்று சொல்ல ஆளில்லை. 2014இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில், மறந்துபோன பெட்டி ஒன்றில் பெரியம்மைக் குப்பிகள் கிடைத்ததைப் படித்திருக்கிறேன். அன்றைக்கு அது வேறு விதமாக உறைத்தது. இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் பொறுப்பாளர் பெயர் உண்டு. வெளியேறும் மாணவர் மாதிரிகளை ஒப்படைத்த பிறகே இறுதிக் கையெழுத்து.

ஒப்புதல் வாங்கும் கூட்டங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஒரு விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை: சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் ஏற்றிவிடும் கட்டுரைகளை என்ன செய்வது? ஏற்றும் முன் குழுவிடம் சொல்லுங்கள் என்று இப்போதைக்குக் கேட்டுக்கொள்கிறோம், கட்டாயமாக்கவில்லை. கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து. அடுத்த மறுஆய்வில் அதைத்தான் முதலில் எடுக்கப்போகிறோம்.