வலி மாத்திரை: எனக்கு ஒன்று, அம்மாவுக்கு வேறு

மதுரையில் குன்னத்தூர் சத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆவணி முகூர்த்தங்களுக்குப் பிளவுஸ் குவிந்தபோது வலது முழங்கையின் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டது. கத்தரியை அழுத்தினால் மணிக்கட்டு வரை இழுக்கும். எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு 'டென்னிஸ் எல்போ' என்றார். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் ஓயாத வேலையில் நைந்துபோவதாம். அம்மாவுக்கோ முழங்கால் மூட்டுத் தேய்மானம். இரண்டு பேருமே சேர்ந்துதான் போயிருந்தோம்.

"எது சார் நல்ல மாத்திரை?" என்று கேட்டேன். அவர் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வயிறு, பிரஷர், சிறுநீரகம் பற்றித்தான் விசாரித்தார். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் எல்லாமே காக்ஸ் என்ற நொதியை அடக்கித்தான் வலியைக் குறைக்கின்றன. அந்த நொதியில் இரண்டு வகை: காக்ஸ்-1 வயிற்றின் உள்சுவரைக் காக்கிறது; வீக்கத்தில் பெரும்பங்கு காக்ஸ்-2உடையது. எட்டோரிகாக்சிப் பெரும்பாலும் இரண்டாவதை மட்டும் தடுப்பதால் வயிற்றுக்குக் கொஞ்சம் இதம். ஆனால் பிரஷரை ஏற்றும், இதய நோயாளிக்கு ஆகாது. அதே வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பு அபாயத்தால் 2004இல் சந்தையை விட்டே போனது. நாப்ராக்சனில் இதய பயம் குறைவு, வயிற்றுப் புண் பயம் அதிகம்.

எனக்குப் பிரஷர் இல்லை, நெஞ்செரிச்சல் உண்டு. அதனால் எட்டோரிகாக்சிப் 60 மில்லிகிராம், தினம் ஒன்று, கொஞ்ச நாளைக்கு மட்டும். அம்மா பிரஷருக்கான டெல்மிசார்ட்டானோடு, சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். அந்த இரண்டோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் கெடலாம் என்பதால் அவருக்கு மாத்திரையே தரவில்லை; டைக்ளோஃபினாக் ஜெல்தான். தோலில் தடவினால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு.

மாத்திரை என் வலியை அடக்கியது, நிறுத்தியதும் கத்தரி பழைய வலியைக் கொண்டுவந்தது. நைந்த நாணை மாத்திரை சரிசெய்யாது என்றார் பிசியோ. மணிக்கட்டில் எடையைத் தாங்கி மெல்ல இறக்கும் பயிற்சி கொடுத்தார். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், ஆனால் பிடி திரும்பியது அதில்தான்.

அப்புறம், மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். அசிக்ளோஃபினாக்கோடு பாராசிட்டமால் 325 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரைகள் நிறைய உண்டு. அது தெரியாமல் காய்ச்சலுக்கு டோலோ போட்டால், அதுவும் பாராசிட்டமால்தான் என்பதால், அளவு கூடிவிடும். மலம் கருப்பாகப் போனாலோ கால் வீங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.