குரல் போன லெந்து நாட்கள்

2025 ஏப்ரல் 2, புதன்

இன்று மாலை வீட்டு ஜெபத்தில் மூன்றாவது வசனம் படிக்கும்போது குரல் நின்றுவிட்டது. ஒரு வாரமாகவே கரகரப்பு இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து, சபையின் ஆயராக ஒரு நாள்கூட விடாமல் பேசியிருக்கிறேன். தினமும் மாலையில் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபம், புதனும் வெள்ளியும் லெந்து ஆராதனை, நடுவில் ஆஸ்பத்திரி, துக்க வீடு. தண்டையார்பேட்டையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற தூசி வேறு. வீட்டுக்கார அம்மா வெந்நீர் கொண்டுவந்தார். வந்திருந்தவர்கள் ஒரு கீர்த்தனையைக் கூடுதலாகப் பாடிக் கூட்டத்தை முடித்துக்கொண்டார்கள். நான் கைகூப்பிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ராயபுரத்தில் தொண்டை டாக்டரைப் பார்த்தோம். குரல் நாண் வீங்கியிருக்கிறதாம். இரண்டு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. "கிசுகிசுன்னும் பேசாதீங்க, அது இன்னும் கெடுதல்" என்றார்.

இரண்டு வாரம் என்றால் பெரிய வெள்ளி வந்துவிடும். குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன் திருவிருந்து, மும்மணி நேர ஆராதனை, ஈஸ்டர் விடியற்காலை எல்லாம் கண்முன் வந்து நின்றன. 14 வருஷ ஊழியத்தில் பிறருக்காக எத்தனையோ பேர் வாசலில் போய் உதவி கேட்டிருக்கிறேன். எனக்கென்று கேட்க மனம் வரவில்லை. குரல் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். ராத்திரி என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே பெரம்பூர் ஐயாவுக்குப் போன் போட்டார்.

ஏப்ரல் 5, சனி

காலை ஏழரைக்கே ஐயா வந்துவிட்டார். ஓய்வுபெற்ற ஆயர், 74 வயது, பஸ்ஸில்தான் வருவார். நான் நோட்டில் எழுத, அவர் பேச, இப்படியே ஒரு மணி நேரம். திருவிருந்து ஆராதனைகள் எல்லாம் அவர் பொறுப்பு. பிரசங்கங்களை யார் யாருக்குப் பிரிப்பது என்று கேட்டபோது, யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எழுதிக் காட்டினேன்.

அப்போதுதான் கொஞ்சம் கோபப்பட்டார். அவருடைய அப்பா மெதடிஸ்ட் மிஷனில் உபதேசியார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை ஜார்ஜ் கதீட்ரலில் எங்கள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெளியே மரத்தடியில் நின்றிருந்தாராம். "1919ல தரங்கம்பாடியில பேச ஆரம்பிச்சு, நாலு சபைக்காரங்க ஒண்ணாச் சேர 28 வருஷம் உட்கார்ந்து பேசியிருக்காங்கம்மா. உனக்கு ஒரு போன் போடக் கூச்சமா?"

ஏப்ரல் 7, திங்கள்

பல சபைகளின் ஊழியர்கள் சேர்ந்த எங்கள் ஊழியர் ஐக்கியம் இன்று கூடியது. ஐக்கியம் என்றால் பெயர்ப்பலகையோ தலைவரோ கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, எண்ணூர் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போன நாட்களில் தொடங்கியது. எங்கள் ஆலய ஹாலில் அடுப்பு மூட்டினோம். அரிசி ஒருவர், கேஸ் சிலிண்டர் ஒருவர், வண்டி ஒருவர் என்று வந்தார்கள். அதுவரை ஒரே தெருவில் எதிரெதிரே போனாலும் தலையாட்டுவதோடு சரி. சேர்ந்து வெங்காயம் உரித்த பிறகு அப்படிப் போக முடியவில்லை.

எர்ணாவூர் பாஸ்டர் அப்படி வந்தவர்தான். பெந்தெகொஸ்தே சபை, மாடியில் ஷீட் போட்ட கூடம், நாற்பது குடும்பம் இருக்கும். வாரநாளில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பெண்கள் பிரசங்க மேடையில் நிற்பதை அவர் சபை ஏற்பதில்லை. என் திருச்சபை 1976லேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இதைப் பற்றி நாங்கள் இரண்டு தடவை பேசியிருக்கிறோம், இரண்டு தடவையும் மனசு வலித்தது. என்னை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

இன்று என் நோட்டைக் கடைசி வரை படித்தவர் அவர்தான். "அடக்கம் ஏதாவது வந்தா யாரு?" என்று கேட்டார். நான் அதை யோசிக்கவே இல்லை. "ஐயாவைக் காசிமேட்டு வெயில்ல நிக்க வைக்க வேணாம். நான் வரேன்" என்றார்.

ஏப்ரல் 10, வியாழன்

வந்துவிட்டது. எங்கள் சபையின் மூத்த அம்மா ஒருவர் நேற்று அதிகாலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தகவல் போன அரை மணியில் பாஸ்டர் வந்து எங்கள் வழிபாட்டுப் புத்தகத்தை வாங்கிப்போனார். அவர்கள் சபையில் அச்சடித்த ஜெபம் படிக்கும் பழக்கமே கிடையாது. ராத்திரி ஆட்டோவை நிறுத்திவிட்டு மூன்று முறை சத்தமாகப் படித்துப் பார்த்ததாக அவர் மனைவி சொன்னார்.

எங்கள் சபை நிர்வாகக் குழுவில் ஒருவர், வேறு சபைக்காரர் நம் அடக்கத்தை நடத்துவதா என்று ஆலய வாசலிலேயே கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மாவின் மூத்த மகன்தான், "நேத்து ராத்திரி எங்க வீட்ல ஐஸ் பெட்டி இறக்கினது இவர்தான் சார்" என்றார். அப்புறம் யாரும் பேசவில்லை.

காசிமேடு கல்லறையில் குடும்பக் குழியைத் திறந்திருந்தார்கள். கத்தோலிக்கர், லுத்தரன், நாங்கள், எல்லாரும் அடுத்தடுத்துப் படுத்திருக்கிற இடம். கடல் காற்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்ததால் நான் புத்தகத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். மண்ணுக்கு மண் என்று அவர் படிக்க, மூன்று பிடியும் நான் போட்டேன். முந்தி நாங்கள் அப்படிப் பேசி வைக்கவில்லை. அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார், நான் குனிந்தேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனியில் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் நடந்தேன். வீட்டுக்கு வந்தால் மடத்து சிஸ்டர்கள் அதிமதுரமும் பனங்கற்கண்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சீட்டில் எத்தனை வேளை என்றுகூட எழுதியிருந்தது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

போன வருஷம், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலைப் பற்றி நானே பேசினேன். அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். இன்று ஏழு பேர் பேசினார்கள். பெரம்பூர் ஐயா, லுத்தரன் ஐயர், இரட்சணிய சேனை மேஜர் அம்மா, பெண்கள் ஐக்கியச் செயலாளர், வாலிபப் பையன் ஒருவன், எங்கள் பைபிள் உமன் அக்கா, எர்ணாவூர் பாஸ்டர்.

"அதோ, உன் தாய்" என்கிற மூன்றாம் வார்த்தை அக்காவுக்கு. 22 வயதில் விதவையானவர், மாமியாரைக் கடைசி வரை பார்த்தவர். பத்து நிமிஷம்தான் பேசினார். முப்பது வருஷமாக வீடு வீடாக எங்களுக்கு முன்னால் போய்க் கதவைத் தட்டியவர், இன்றுதான் முதல்தடவை மைக் முன்னால் நின்றார். முன்பே கேட்டிருக்க வேண்டியது நான்தான். அந்தத் தப்பை இங்கே எழுதி வைக்கிறேன்.

"தாகமாயிருக்கிறேன்" பாஸ்டருக்கு. தண்ணீர் லாரிக்கு முந்தின ராத்திரியே குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தூங்கும் பெண்களைப் பற்றிப் பேசினார். நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். இத்தனை வருஷ ஊழியத்தில் ஒரு பெரிய வெள்ளியன்று கேட்பவளாக மட்டும் நான் உட்கார்ந்ததே இல்லை. பாதியில் அழுதுவிட்டேன், பக்கத்திலிருந்த பாட்டி முந்தானையை நீட்டினார்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

நாலு மணிக்கு முதல் மணி. திருவிருந்தில் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன், வார்த்தைகளை ஐயா சொன்னார்.

ஏப்ரல் 21, திங்கள்

மதியம் செய்தி வந்தது, போப் பிரான்சிஸ் காலமானார். 88 வயது. நேற்றுதான் மாடத்தில் வந்து ஆசீர்வதித்தார். வாழ்த்துக்கு மேல் பேச முடியாமல், அவருடைய ஈஸ்டர் செய்தியை வேறொருவர்தான் படித்தார். அதைப் பார்த்தபோது என் தொண்டையைத் தொட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் நாங்கள் நாலு பேர் கத்தோலிக்க ஃபாதரைப் பார்க்கப் போனோம். காலையிலிருந்து அவர் எத்தனை பேருக்கு ஆறுதல் சொன்னாரோ, எங்களைப் பார்த்ததும் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். துக்க வீட்டுக்குப் போகக் குரல் எதற்கு? பாஸ்டர் டீ போட்டார்.

ஏப்ரல் 23, புதன்

ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிஷம் பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பாஸ்டரின் அம்மாவுக்குத் திருத்தணிப் பக்கம் ஊரில் கண் ஆபரேஷன். ஞாயிறு சபையை விட்டு எப்படிப் போவது என்று தயங்கிக்கொண்டிருந்தது அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. சபை தொடங்கி 11 வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அவர் இல்லாமல் நடந்ததில்லை. எங்களுக்காவது விடுப்புப் போட மேலே ஒருவர் இருக்கிறார். அவருக்கு யார்? ஐயா பிரசங்கத்துக்குப் போகிறார். வேத வாசிப்புக்கு நான் வரலாமா என்று எழுதிக் கேட்டேன். பதிலுக்குப் பாஸ்டர் ஒரு நாள் எடுத்துக்கொண்டார். வரச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எங்கள் ஆராதனை முடிந்ததும் ஐயாவும் நானும் எர்ணாவூர் போனோம். மாடியில் ஷீட்டுக்குக் கீழே அனல். மேடைக்கு ஏறும் படியருகே எனக்கென்று ஒரு மைக் ஸ்டாண்ட் வைத்திருந்தார்கள். அது கீழே இருந்ததில் எனக்கு ஒரு நொடி சுருக்கென்றுதான் இருந்தது. அவர் மனைவி மடித்த சீட்டை என் கையில் கொடுத்தார். ஆட்டோ டிரிப் கணக்கெழுதும் தாளின் பின்பக்கம், அவர் கையெழுத்தில், "ரோமர் 16, முதல் 16 வசனம்" என்று இருந்தது.

வேதத்தைத் திறந்தேன். இருபத்தைந்து நாளுக்குப் பிறகு கூட்டத்தின் முன் வருகிற குரல் கொஞ்சம் உடைந்துதான் வந்தது.

"கெங்கிரேயா ஊர் சபைக்கு ஊழியக்காரியாகிய நம்முடைய சகோதரி பெபேயாளை..."

நிறுத்திவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். அப்புறம் மீதியைப் படித்தேன்.